சேவியர் என்பது வீட்டின் பெயர்

1

நேற்றுக் காலை கவுன்சில்காரன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். எங்கள் கட்டடத்துக்குப் புது வாசல் மணி பூட்டுகிறார்களாம். ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் வீட்டுக்காரரின் பெயரைப் பொறித்து ஒரு சின்னத் தகடு. என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தன் பெயரைச் சொல்ல ஒரு நாள் தவணை கேட்ட விசரியை லண்டன் வால்தம்ஸ்டோவில் அவன் அதற்கு முன் கண்டிருக்க மாட்டான்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று விளங்காது. எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் வாசல் மணியும் இல்லை, பெயர்த் தகடும் இல்லை. யாராவது தேடி வந்தால் சந்தியில் நிற்கிறவன் வீட்டையும் காட்டி, அந்த வீட்டுச் சண்டையையும் சொல்லித்தான் அனுப்புவான்.

போன கிழமை பொலிஸ்காரி ஒருத்தி ரெலிபோன் எடுத்து, சேவியரை மறியலில் இருந்து விட்டுவிட்டார்கள் என்று சொன்னாள். தண்டனையின் பாதிக்காலம் முடிய வெளியே விடுவதுதான் இங்கத்தைய வழக்கமாம். சேவியர் என் புருஷனாக இருந்தவன். என் பெயர் றீற்றா சேவியர். மகள் ஜெனி சேவியர். எங்கள் இரண்டு பேரையும் வெட்ட வந்தவனின் பெயரைத்தான் நாங்கள் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டு திரிகிறோம். அதை வாசலிலும் எழுதி ஒட்டவா என்று கேட்கிறான் கவுன்சில்காரன்.

இன்றைக்குப் பார்த்து சவேரியார் திருநாள், சேவியர் என்ற பெயருக்குரிய புனிதரின் நாள்.

2

பெயர்கொண்ட புனிதரின் திருநாளை எங்கள் ஆட்கள் பிறந்தநாளை விடப் பெரிதாகக் கொண்டாடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சேவியர் குடித்துக் கொண்டாடுவான். குடித்தால் அடிப்பான். ஆகவே எனக்குச் சவேரியார் திருநாள் என்றால் அடிவாங்கும் திருநாள். மற்ற நாட்களில் அடி இல்லை என்று நினைக்க வேண்டாம். அன்றைக்குப் பூசையோடு அடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் அடி பிரான்சில் விழுந்தது. தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, பயோன் என்ற ஊரில் அப்போது இருந்தோம். அவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். நான் ஒரு சின்ன ஹொட்டேலில் படுக்கைத் துணி தோய்த்தேன். முதலாளி ஒரு கிழவி, மதாம் எச்செவெரி. பாஸ்க் இனத்தவள். வாய் திறந்தால் வசைதான் வரும், ஆனால் மனம் நல்லது.

உதடு வீங்கிய முகத்தோடு அன்றைக்கு வேலைக்குப் போனேன். மதாம் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. "உன் புருஷனின் பெயர் என்ன?" என்று கேட்டாள். "க்ஸாவியே" என்றேன். அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். கையிலிருந்த விரிப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டுக் கத்தத் தொடங்கினாள்.

"அது எங்களுடைய பெயர்! என்னுடைய பெயர்! எங்கள் பாசையில் அதற்குப் புது வீடு என்று அர்த்தம். எச்செவெரி என்றாலும் அதுதான், க்ஸாவியே என்றாலும் அதுதான். அந்த நாய்க்கு யார் கொடுத்தது?"

ஞானஸ்நானத்தில் சுவாமியார் கொடுத்தார் என்றேன். மதாம் இன்னும் கோபப்பட்டாள். அவர்களுடைய மலைக் கிராமங்களில் பெயர் ஆம்பிளையிடமிருந்து வருவதில்லையாம். வீட்டுக்குத்தான் பெயர். அந்த வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் வீட்டின் பெயர். வீடு மகளுக்குப் போனால், அவளைக் கட்டிக்கொண்டு வருகிற மாப்பிள்ளையும் அவளுடைய வீட்டுப் பெயரால்தான் அழைக்கப்படுவான்.

"வீட்டுக்காரியை அடித்தால் அவன் வெளியே போவான். பெயர் உள்ளே நிற்கும்" என்றாள் மதாம். இது உண்மையா, எனக்காகக் கூட்டிச் சொன்னதா தெரியாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தந்தாள். அன்றைக்கு அந்த ஐஸ்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

3

பிறகு மதாம் சொன்னதையும், லண்டன் வந்தபின் நூலகத்தில் ஜெனி வாசித்துச் சொன்னதையும் சேர்த்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

அந்தப் பாஸ்க் நாட்டில் புது வீடு என்று ஒரு கோட்டை. அதிலே பிறந்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பக்கத்து ராசா படையெடுத்து நாட்டைப் பிடித்தான். சவேரியாரின் தமையன்மார் எதிர்த்துச் சண்டை பிடித்தார்கள். அதற்குத் தண்டனையாகக் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். பெயர் புது வீடு. வீடோ கல்லுக் குவியல்! அந்தப் பிள்ளை அந்த இடிபாட்டைப் பார்த்து வளர்ந்தது. ஷெல் விழுந்த வீட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்தப் பெயரோடு அவர் கப்பலேறி முத்துக்குளிக்கும் கரைக்கு வந்தார். மன்னாரிலும் சனம் வேதத்தில் சேர்ந்தது. சேர்ந்தவர்களை எங்கள் யாழ்ப்பாணத்து ராசா படை கொண்டுபோய் வெட்டிச் சாய்த்தான். அதற்குப் பிறகும் சனம் அந்தப் பெயரை விடவில்லை, பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டே போனது. ஸ்பெயின்காரன் ஹவியேர் என்றான். போர்த்துக்கீசன் ஷவியேர் என்றான். நாங்கள் சவேரி, சவரிமுத்து, சவரியம்மா என்று எங்கள் நாக்குக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டோம். இங்கிலீசு படித்ததுகள் சேவியர் என்று வைத்தன.

என்னுடைய அப்புவின் பெயர் சவரிமுத்து. கடலில் நேவிக்காரனின் வெடிபட்டுச் செத்தார். வலையோடு சேர்த்துத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பெயர் போன இடமெல்லாம் இரத்தம் சிந்தித்தான் போயிருக்கிறது, வேறென்ன சொல்ல?

4

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. அடுத்த பிள்ளைக்கு அடுத்த தகப்பன். எந்த அப்பனுடைய பெயரும் பிள்ளையோடு சரி, பேரப்பிள்ளையில் ஒட்டாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! வெள்ளைக்காரன் பின்னுக்கு இருந்த சேவியரைப் பிடித்துக் குடும்பப் பெயராக்கினான். இனி அது செத்தாலும் விடாது.

லண்டனுக்கு வந்தது ஜெனியின் படிப்புக்காக. கையில் பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தபடியால் குரோய்டனில் அகதி விண்ணப்ப வரிசையில் நிற்கத் தேவை வரவில்லை. நிற்கிற சனம் எங்களைக் குடுத்துவைத்ததுகள் என்று சொன்னது. மேற்கு லண்டனில் சேவியர் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் எடுத்தான். அங்கே குடிக்கு இன்னும் வசதி. ஒரு சவேரியார் திருநாளில் என் இடக்கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் படியில் விழுந்தேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் படியே இல்லை.

"அம்மா, ஐ அம் டன்" என்றாள் ஜெனி. அவளுக்கு அப்போதுதான் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "நீங்க வாறீங்களா, இல்ல நான் மட்டும் போறதா?"

போனோம். அடிபட்ட பெண்களை வைத்திருக்கும் ஒரு வீட்டில் சில மாதம். பிறகு வால்தம்ஸ்டோவில், கோழிக்கடைக்கு மேலே, கவுன்சில் இந்த இரண்டு அறையைத் தந்தது. எங்கள் முகவரி அவனுக்குத் தெரியக்கூடாது. அதிலேதான் எங்கள் இரண்டு பேரின் உயிரும் இருந்தது. ஆர்ச்வே முருகன் கோயில் தேருக்கு வரச்சொல்லி ஒரு சிநேகிதி கூப்பிட்டாலும் நான் போவதில்லை. தமிழ்ச் சனம் கூடும் இடத்தில் யாரோ ஒருவர் அவனுக்குத் தெரிந்தவராக இருப்பார். பக்கத்து வேதக்கோயிலில் தமிழ்ப் பூசைக்கு மட்டும் போய், கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு ஓடிவருவேன்.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை என் சொந்தத் தமையன் ரேடியோவில் வாசிப்பித்தான்.

5

அம்மா குருநகரில் செத்தபோது, சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம். போக முடியவில்லை. ரெலிபோனில் ஒப்பாரி கேட்டுக் குளறினேன், அவ்வளவுதான். முப்பத்தோராம் நாளுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, கோயிலில் பழகின நாலைந்து பேருக்கு வீட்டில் சோறு கொடுப்பம் என்று ரொறன்ரோவில் இருக்கும் அன்ரன் அண்ணையிடம் சொன்னேன்.

இரண்டு நாளுக்குப் பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் ரேடியோவில் அறிவித்தல் போகிறது. சோகமான வாத்தியம், பிறகு அந்தக் குரல். யாழ் குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட... என் அம்மாவின் பெயர். காலஞ்சென்ற சவரிமுத்துவின் அன்பு மனைவியும், அன்ரன், றீற்றா ஆகியோரின் பாசமிகு தாயாரும், சேவியரின் அன்பு மாமியும், ஜெனியின் அம்மம்மாவும்... உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் பூசையிலும், பின் மகள் றீற்றாவின் இல்லத்தில் நடைபெறும் மதிய போசனத்திலும்... அதன்பின் என் கதவு இலக்கம், என் தெரு, என் ரெலிபோன் நம்பர். விட்டுப்போகும் என்று பயந்தோ என்னவோ, இரண்டு முறை வாசித்தார்கள்.

வெங்காயத்தைப் போட்டுவிட்டு அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்? என்ர அட்ரசை ஏன் குடுத்தனீங்கள்?"

"அறிவித்தலெண்டா அட்ரஸ் போடத்தானே வேணும். எல்லாரும் போடுறவை."

"அவன்ர பேரை ஏன் போட்டனீங்கள்? அவன் மருமகனோ?"

"பிள்ளை, கோவிக்காத. ஒரேயொரு மருமகன். அவன்ர பேரை விட்டா சனம் என்ன ஏதெண்டு கேக்கும். அம்மான்ர செத்தவீட்டில போய் எங்கட நாத்தத்தைக் கிளறுறதோ?"

"கோதாரி! அம்மா செத்துப்போனா. நான் இன்னும் சாகேல்லை அண்ணை!"

எங்கள் சனம் ஒன்றை மறந்தாலும் மறக்கும், மரண அறிவித்தலில் ஒரு மருமகனை மறக்காது. நாட்டை விட்டு ஓடிவந்தோம், பாசை சிதறிப்போனது, பிள்ளைகள் வேறாகிப் போனார்கள். ஆனால் யார் யாருக்கு மாமி, யார் யாருக்கு மச்சான் என்ற அந்த வரிசை மட்டும் ஒரு பிசகு இல்லாமல் கடல் கடந்து வந்திருக்கிறது.

ஜெனி சாப்பாட்டை நிற்பாட்டச் சொன்னாள். "ஜஸ்ற் கான்சல் இற், அம்மா. ப்ளீஸ்." நான் மாட்டேன் என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை, மண் போடக் கிடைக்கவில்லை. அவவின் பேரில் ஒரு பிடி சோறும் போடாமல் அவனுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது. பொலிசுக்குச் சொன்னோம். வந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர் தந்தார்கள்.

6

பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிடித்த நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல் எல்லாம் ஆயத்தம். நான் குசினியில் தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்கவிட்டுச் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஜெனி பக்கத்தில் நின்று மீனுக்குப் பிழியத் தேசிக்காய் வெட்டினாள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தது கோயில் சிநேகிதி பிலோமினாக்கா. பாவம் மனுசி, அவவுக்கு என் கதை தெரியாது. அவ அறிவித்தலைக் கேட்டிருக்கிறா, அதில் மருமகன் பெயர் இருந்தது, வந்தவன் தன் பெயரைச் சொன்னான்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. ஏன் இவ்வளவு பிந்தினது? றீற்றா குசினிக்குள்ள நிக்கிறா."

வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டானாம். வந்த சனம் அவனுக்கு வழிவிட்டு, கதிரையும் இழுத்துப் போட்டதாம். பெயர் போட்ட மருமகன் அல்லவா? அவன் இருக்கவில்லை. நேரே குசினிக்குள் வந்து, மேசையில் கிடந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்தான்.

"என்ர பேரை வைச்சுக்கொண்டு என்னை வெளிய விட்டிட்டியோடி?"

அவ்வளவுதான் சொன்னான். கத்தியை என் கழுத்துக்கு ஓங்கினான். இடையில் ஜெனியின் கை வந்தது. கத்தி அவளுடைய உள்ளங்கைக்குள் இறங்கி மணிக்கட்டு வரைக்கும் கிழித்துக்கொண்டு போனது. அவள் "அம்மா" என்று கத்தவில்லை. "அப்பா, நோ" என்றாள். அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இரத்தம் தேசிக்காயில், சுவரில், என் முகத்தில் எல்லாம் தெறித்தது.

அவன் இரண்டாம் தரம் ஓங்கினான். நான் தாச்சியை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கி, கொதிக்கிற எண்ணெயை மீனோடு அவன்மேல் ஊற்றினேன். கழுத்தும் தோளும் பொசுங்கின. சூடை மீன் ஒன்று சேட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் ஆடு கத்துகிறமாதிரிக் கத்திக்கொண்டு விழுந்தான். விழுந்தவனை வெறும் தாச்சியால் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். பிலோமினாக்கா பின்னால் வந்து என்னைக் கட்டிப்பிடித்திராவிட்டால் கொன்றுதான் இருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, பச்சாத்தாபமும் இல்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் இதை நான் சொல்லவில்லை.

7

பொலிஸ் வந்து என்னையும் பிடித்துக்கொண்டு போனது. என் இரண்டு கையும் கொப்பளித்துப்போய் இருந்தன. மருந்து கட்டிவிட்டு விசாரித்தார்கள். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுத் தம்பி.

"பயப்படாம சொல்லுங்கம்மா. எதால அடிச்சீங்க?"

"தாச்சியால."

"தாச்சின்னா?"

"தாச்சி, தம்பி. பொரிக்கிற தாச்சி."

அவருக்குப் பிடிபடவில்லை. கையால் வட்டம் காட்டினேன். "ஓ, வாணலியா! ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு இங்கிலீசில் சொன்னார். பொலிஸ்காரன் எழுதிக்கொண்டு வந்தவன் இடையில் பேனையை வைத்துவிட்டான். வெட்டினவர் மிஸ்டர் ஸேவியர், வெட்டுப்பட்டவர் மிஸ் ஸேவியர், எண்ணெய் ஊற்றினவர் மிஸிஸ் ஸேவியர். யாரை எங்கே எழுதினான் என்று அவனுக்கே குழம்பிப்போனது. என் பிள்ளையின் இரத்தம் சட்டையில் காய்ந்துபோய் இருந்த அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அவனுக்குச் சிறை. வெளியே வந்தாலும் எங்களுக்கும் எங்கள் வாசலுக்கும் நூறு மீற்றருக்குள் காலடி வைக்கக்கூடாது, வைத்தால் திரும்ப மறியல் என்று கோர்ட்டில் உத்தரவு.

ஜெனியின் இரண்டு விரல் இன்னும் மடங்காது. ஊசி பிடிக்க முடியாதென்று நர்ஸ் படிப்பை விட்டு வேறு படிப்புக்குப் போனாள். அதற்காக நான் அழுதேன், அவள் அழவில்லை. தமிழ்ப் பூசைக்கு இப்போது வருவதில்லை. எந்தக் கடதாசியிலும் ஜெனி என்பதோடு நிற்பாட்டிவிடுவாள், பின்பகுதியை யாராவது கேட்டால் முகம் இறுகும்.

8

நேற்றுப் பின்னேரம் அவள் வந்ததும் வாசல் தகட்டுக் கதையைச் சொன்னேன்.

"நம்பர் மட்டும் போடச் சொல்லுங்க. நோ நேம்" என்றாள். பிறகு அறைக்குள் போய் ஒரு கடதாசியோடு வந்தாள். பெயர் மாற்றும் பத்திரமாம். எனக்கும் சேர்த்து அடித்துவைத்திருக்கிறாள். "ரெண்டு பேரும் சைன் பண்ணுவம். அவர்ட பேர் எனக்கு வேணாம், அம்மா. தாத்தாட பேரை எடுப்பம். சவரிமுத்து. அது உங்கட சொந்தப் பேர்தானே?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிற்பாட்ட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

"வட்ஸ் சோ ஃபனி?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"விசர்ப் பிள்ளை, நீதானே லைப்ரரியில வாசிச்சனி? சவரிமுத்தும் அதே சவேரியார்தான்! சேவியரை விட்டிட்டு சேவியரிட்டையே போகப்போறியோ?"

அவள் கடதாசியைப் பார்த்தாள். பிறகு கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெட்டுப்பட்ட அன்றைக்கு வராத கண்ணீர். "அப்ப நான் எங்க போறது அம்மா? எங்க போனாலும் அவர்தானா?"

எனக்கு மதாமின் ஞாபகம் வந்தது. விரிப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டுக் கத்தினாளே, அந்தக் கோபம். அந்த ஐஸ் கட்டி. ஜெனியைப் பக்கத்தில் இருத்தி, மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டு மதாம் சொன்ன கதையைச் சொன்னேன்.

"அது ஆம்பிளையிட பேர் இல்லைப் பிள்ளை. வீட்டின்ர பேர். ஆர் வீட்டில இருக்கினமோ அவைக்குத்தான். நீயும் நானும் இருக்கிறம். அவனை வெளிய விட்டாச்சு. பிறகென்ன, அவன்ர பேரெண்டு சொல்லுறாய்?"

அவள் கடதாசியைக் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. குளிர்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். இதைச் செய் அதைச் செய் என்று அவளை நான் வில்லங்கப்படுத்தவில்லை. அந்தக் கத்தி இறங்கியது அவளுடைய கையில்.

இன்று காலை கவுன்சில்காரன் திரும்ப வந்தான். பெயர் தெரிந்ததா என்று பகிடியாகக் கேட்டான். நான் பதில் சொல்ல முன்னம் ஜெனி பல் விளக்கிக்கொண்டிருந்த பிரசோடு வாசலுக்கு வந்தாள்.

"ஸேவியர்" என்றாள். எழுத்தெழுத்தாக அவளே சொல்லிக் கொடுத்தாள். அவன் கையோடு கொண்டுவந்த மெசினில் பொறித்து, தகட்டைப் பொருத்திவிட்டுப் போனதும் இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தோம். கோழிக்கடை வாசத்துக்கு நடுவில், பெரிய எழுத்தில், கறுப்பாக இருந்தது. அவள் மடங்காத விரலால் அதைத் தடவினாள்.

"அம்மா, யோசிச்சுப் பாருங்க" என்றாள். "அவர்ட பேர் எழுதின கதவுக்குக் கிட்ட வந்தா அவரைப் பொலிஸ் பிடிக்கும்."

பிறகு புது மணி வேலை செய்கிறதா என்று பார்க்க விரலை வைத்து அழுத்தினாள். மேலே எங்கள் வீட்டுக்குள் மணி அடிக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.